பஞ்சத்துக்குச் சேர்த்த தானியம் யார் கையில்? அரியூர் நாட்டிலிருந்து ஒரு வரலாறு

நிவாரணம் என்றதும் நம் நினைவுக்கு வருவது லாரிதான். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, எண்ணெய் பாக்கெட், பின்னால் ஒரு பேனர், முன்னால் ஒரு கேமரா. கொடுப்பவர் முகமும் வாங்குபவர் முகமும் ஒரே படத்தில் விழ வேண்டும். புயலோ வெள்ளமோ ஊரடங்கோ, எது வந்தாலும் காட்சி மட்டும் மாறுவதில்லை.

அந்த லாரி அரியூர் நாட்டுக்குப் போக வேண்டுமானால் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். அடைமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் ஏறவே முடியாது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. அரியூர் நாடு, வளவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று எல்லாமே 'நாடு'தான். அங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியான மலையாளிகள். லாரி வராது என்று தெரிந்தே வாழ்ந்த மக்கள் அவர்கள். அதனால் வீட்டோடு தொம்பை வைத்திருந்தார்கள். மூங்கிலாலும் மரத்தாலும் கட்டி, மண் பூசி, கூரை வேய்ந்த தானியக் கூடு அது. நல்ல வருடத்தில் அது நிறையும், கெட்ட வருடத்தில் அது குடும்பத்தைக் காப்பாற்றும்.

அரசு ஆவணங்கள் இன்று 'பேரிடர்த் தயார்நிலை' என்று எழுதுவதை மலைக்காரர்கள் இப்படித்தான் செய்தார்கள். அது எப்படிக் கைநழுவியது, ஒரு தொண்டு நிறுவனம் அதை எப்படி மீட்கப் பார்த்தது, சமவெளியில் சேரியில் இருக்கும் நாம் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதத்தான் இந்தக் கட்டுரை. பழங்குடி மக்கள் கதை நமக்கு எதற்கு என்று நினைக்கும் தோழர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

தாது வருடம்

1876, தமிழ்க் கணக்கில் தாது வருடம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு தென்மேற்கும் கைவிட்டது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலுமாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பஞ்சத்தைக் கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் 'தாது வருசப் பஞ்சம்' என்றுதான் சொல்கிறார்கள்.

இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்குச் சேலம் ஜில்லாவில் இருந்தன. 1871 கணக்கெடுப்பில் அந்த ஜில்லாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் குறைவு. பத்து ஆண்டுகளில் கூடியிருக்க வேண்டிய ஜனம் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது. செத்தவர்கள் போக, ஊரைவிட்டுப் போனவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய கூட்டத்தில் நம் முன்னோர் எத்தனை பேர் என்று யாரும் தனியாக எண்ணி வைக்கவில்லை.

நாட்டில் தானியமே இல்லாமலா இவ்வளவு பேர் செத்தார்கள்? பஞ்சத்தின் நடுவிலும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. ரயிலில் வந்த தானியம் வியாபாரியின் கிடங்கில் விலைக்குக் காத்திருந்தது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் விருந்து நடந்தது. அதே மாதம் செலவைக் குறைக்கச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உயிரைப் பிடித்து வைக்கவே போதாது என்று வாதாடினார். சில மாதங்கள் கழித்துக் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர் போனதுதான்.

இதில் முதலில் விழுந்தவர்கள் யார்? பண்ணையாட்களும் கூலிக்காரர்களும். மழை இல்லையென்றால் உழவு இல்லை, உழவு இல்லையென்றால் கூலி இல்லை. தனக்கென்று ஒரு குதிர் இல்லாதவனுக்குப் பஞ்சம் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் வந்துவிடும். நிலமுள்ளவனுக்கு வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். 1880இல் அறிக்கை கொடுத்த பஞ்ச விசாரணைக் கமிஷனே இதை ஒப்புக்கொண்டது: நாட்டில் உணவு தீர்ந்துபோனதைவிட, வேலையும் கூலியும் நின்று மக்களால் உணவை வாங்க முடியாமல் போனதே பஞ்சம்.

அன்றைக்கும் தொண்டு இருந்தது. லண்டன் மேயர் பெயரில் திரண்ட மேன்ஷன் ஹவுஸ் நிதி ஆறு லட்சம் பவுனைத் தாண்டியது. மழை திரும்பியபோது அந்தப் பணத்தில் பெரும்பகுதி குடியானவர்களுக்கு விதைத் தானியம், உழவு மாடு, கூரை வேய ஓலை என்று போனது. நல்ல காரியம்தான். ஆனால் விதை கொடுத்தால் விதைக்க நிலம் வேண்டும். மாடு கொடுத்தால் உழ நிலம் வேண்டும். நிலமே இல்லாத சேரிக்கு அந்த நிதியில் என்ன பங்கு இருந்திருக்க முடியும்? பஞ்சத்துக்கு முன் யார் எங்கே நின்றார்களோ, பஞ்சத்துக்குப் பின்னும் அவரவரை அங்கேயே நிறுத்தி வைக்கும் தொண்டு அது.

இரண்டு காகிதங்கள்

பஞ்சம் முடிந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இரண்டு அரசுக் காகிதங்கள் வந்தன. ஒன்று மலையைத் தொட்டது, இன்னொன்று சேரியைத் தொட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் நமக்கு இல்லை. படிக்க வேண்டும்.

முதலாவது, 1882இன் சென்னை வனச் சட்டம். மழை பொய்த்த வருடத்தில் மலைக்காரர் தொம்பை காலியானால் காட்டுக்குப் போவார்கள். நூறை, கவலை என்று தோண்டியெடுக்கக் காட்டுக் கிழங்குகள் இருந்தன. கீரை இருந்தது, தேன் இருந்தது. காடுதான் மலையின் இரண்டாவது தொம்பை. பஞ்சம் முடிந்து நான்கே ஆண்டுகளில் அரசு அதைக் காப்புக்காடு என்று எல்லை போட ஆரம்பித்தது. நேற்றுவரை கிழங்கு தோண்டியவன் மறுநாள் அத்துமீறி நுழைந்தவன் ஆனான். இந்த அநியாயத்தை அரசே ஏற்றுக்கொண்டு வன உரிமைச் சட்டம் கொண்டுவர 2006 வரை ஆனது.

இரண்டாவது, செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பு. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே நிற்கிறான் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அதன் பின்னணியில் 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது பிறந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

பஞ்ச நிவாரணத்தின் வரலாறு என்று பாடப்புத்தகம் சொல்வது கஞ்சித்தொட்டி வரலாறு. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நிலத்தின், காட்டின் வரலாறு. மலைக்காரனிடமிருந்து காட்டை எடுத்தார்கள். சேரிக்காரனுக்கு நிலத்தைக் காகிதத்தில் கொடுத்தார்கள்.

தொம்பைக்குள் என்ன இருந்தது

கொல்லிமலையின் மேட்டுக் கொல்லைகளில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு என்று சிறுதானியங்கள் விளைந்தன. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் நெல். சாமை என்றால் ஒரே சாமை இல்லை. மல்லியச்சாமை, திரிகுலாச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பல ரகங்கள். தினையில் செந்தினை, பெருந்தினை. கேழ்வரகில் சட்டைக் கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று தாமதமாக விளையும். ஒன்று குறைந்த மழையிலும் பிடிக்கும், ஒன்று சரிவான கல்லுக்காட்டிலும் நிற்கும். நாலைந்து ரகத்தைக் கலந்து விதைத்தவனுக்கு ஒரு ரகம் போனாலும் இன்னொன்று நிற்கும். காப்பீட்டுக் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த பயிர்க் காப்பீடு இது.

கேழ்வரகுக்கு இன்னொரு குணம் உண்டு. பூச்சி எளிதில் அண்டாது. காயவைத்துப் பத்திரப்படுத்தினால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கென்றே படைத்த தானியம் என்று சொல்லலாம். அரிசியை அப்படி வைத்திருக்க முடியாது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இன்றைக்கு நகரத்தில் சிறுதானியம் பற்றிப் பேசுகிறவர்கள் 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' என்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். அந்த முன்னோர் சாமையைத் தின்ன யார் குத்திக் கொடுத்தது என்று சொல்லமாட்டார்கள். சாமையின் உமி கெட்டியாக ஒட்டியிருக்கும். உரலில் போட்டு உலக்கையால் திரும்பத் திரும்பக் குத்திப் புடைத்தால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி கிடைக்கும். பகலெல்லாம் கொல்லையில் வேலை செய்த பெண்தான் அதையும் குத்தினாள். மலையில் சாமை குறைந்ததற்கு அந்தப் பெண்களின் தோள்வலியும் ஒரு காரணம். அவர்கள் ரேஷன் அரிசியை விரும்பியதில் என்ன தவறு?

கிழங்கும் ரேஷனும்

இரண்டாம் உலகப்போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. அந்த வெற்றிடத்தில்தான் 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் தொடங்கியது. பிறகு சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் சேகோ ஆலைகள் பெருகின. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சாலை மேலே ஏறியதும் கிழங்கு மலையிலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. சாமை விளைந்த கொல்லைகளில் மரவள்ளிக் குச்சி நடப்பட்டது. பிறகு காப்பியும் மிளகும் வந்தன. சிறுதானியப் பரப்பு ஓரிரு தலைமுறைக்குள் பெருமளவு சுருங்கியது.

விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் படிக்க வைக்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் கையில் காசு வேண்டும். சாமை வயிற்றை நிரப்பும், ஃபீஸ் கட்டாது. கிழங்கு காசு தந்தது.

ரேஷனைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1967இல் ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியில் தொடங்கி, எல்லாக் குடும்பத்துக்கும் என்று விரிந்து, 2011இலிருந்து விலையில்லா அரிசி என்று வந்து நிற்கும் தமிழ்நாட்டின் பொது விநியோகம் சேரியையும் மலையையும் பட்டினிச் சாவிலிருந்து காத்த பெரிய அரண். அன்றைக்குப் பண்ணையார் வீட்டு வாசலில் படி நெல்லுக்கு நின்றவன் இன்று கார்டை நீட்டி உரிமையாக வாங்குகிறான். 'இலவச அரிசி வாங்கிச் சோம்பேறியாகிவிட்டார்கள்' என்று பேசுகிறவர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். கூலிக்கு ஆள் மலிவாகக் கிடைக்கவில்லை என்ற கோபம் அது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. தன் நிலத்தில் தனக்கான உணவை விளைவித்து, அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வைத்திருந்த ஒரு சமூகம், இப்போது ஒரே ஒரு பயிரை ஆலைக்கு விற்று, கீழிருந்து வரும் ஒரே ஒரு தானியத்தைத் தின்கிறது. ஆலை விலையைக் குறைத்தால் என்ன ஆகும்? பாதை அடைபட்டால் என்ன ஆகும்?

2020இல் பதில் வந்தது. இரண்டு பக்கமிருந்தும் வந்தது. மார்ச் மாதம் ஊரடங்கு. அதே ஆண்டில் மரவள்ளியைத் தாக்கும் அயல்நாட்டு மாவுப்பூச்சி கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, சேலம், நாமக்கல் கிழங்குக் காடுகளுக்கும் பரவியது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிட்ட பிறகுதான் அதைக் கட்டுப்படுத்த ஒரு வழி பிறந்தது. ஒற்றைப் பயிரை நம்பியவனுக்கு ஒரு பூச்சியே பேரிடர்தான்.

விதை வங்கி

1990களின் நடுவிலிருந்து கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்கும் வேலையில் இறங்கியது. 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட தொண்டு நிறுவனம் அது. பசுமைப் புரட்சியில் நெல்லையும் கோதுமையையும் தூக்கிப் பிடித்த அதே சுவாமிநாதனின் பெயரில் உள்ள நிறுவனம், அந்தப் புரட்சி ஓரந்தள்ளிய தானியங்களைத் தேடி மலை ஏறியது. இந்த முரணை நாம் மறக்க வேண்டியதில்லை. அதே நேரம் அங்கே நடந்த வேலையையும் பார்க்க வேண்டும்.

முதலில் எந்த வீட்டில் எந்த ரகம் மிச்சமிருக்கிறது என்று தேடிச் சேகரித்தார்கள். அந்த விதைகளை ஊர்க் குழுக்களிடமே வைத்து விதை வங்கிகள் தொடங்கினார்கள். கணக்கு எளிது. விதைப்புக் காலத்தில் உறுப்பினர் விதை வாங்கிக்கொள்ளலாம். காசு தர வேண்டாம். அறுவடையில் வாங்கியதைவிடக் கூடுதலாக விதையாகவே திருப்பித் தர வேண்டும். கூடுதலாக வருவது அடுத்த ஆளுக்குப் போகும். மலையில் காலங்காலமாகப் பக்கத்து வீட்டில் விதை கடன் வாங்கும் வழக்கத்தைத்தான் குழுவாக, பதிவேட்டோடு செய்தார்கள். தொம்பையும் இப்படித்தான் மறுபடி பேச்சுக்கு வந்தது.

இரண்டாவது வேலைதான் என் பார்வையில் பெரியது. கிராமங்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை நிறுவி, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். உலக்கையிலிருந்து பெண்ணை விடுவிக்காமல் சாமையைக் காப்பாற்ற முடியாது என்று புரிந்துகொண்டதற்கு அடையாளம் அது. மூன்றாவதாக, உற்பத்தியைக் கூட்டாக விற்க உழவர், மகளிர் குழுக்கள் ஒரு கூட்டமைப்பாயின. கொல்லிமலைச் சாமையும் தினையும் பாக்கெட்டில் நகரத்துக் கடைகளுக்குப் போயின.

கொஞ்சம் கசப்பும் இதில் கலந்தே இருக்கிறது. விதை வங்கி மட்டும் கிழங்கின் விலையோடு போட்டியிட முடியாது. போன பரப்பு முழுதாகத் திரும்பவில்லை. 2018இல் மத்திய அரசு இவற்றுக்குச் 'சத்துத் தானியம்' என்று பெயர் வைத்தது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்தில் சாமை அரிசி, பொன்னி அரிசியைவிட விலை ஏறியது. ஒரு காலத்தில் 'ஏழை தின்கிற தானியம்' என்று இளக்காரம் செய்தவர்கள் சர்க்கரை நோய்க்கு அதைத் தேடி வாங்குகிறார்கள். விளைவிக்கிறவரோ அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்குகிறார் என்றால், தொம்பை மறுபடியும் காலிதான். விற்பனை வேறு, பஞ்சத்துக்குச் சேமிப்பு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

'சமூகம்' என்ற சொல்

இதுவரை சொன்னது மலைக்கதை. 'சமூக விதை வங்கி', 'சமூகத் தானிய வங்கி' என்பதெல்லாம் அங்கே ஓரளவு பொருள் தருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு குக்கிராமத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பழங்குடி. ஏற்றத்தாழ்வு அங்கேயும் உண்டு, ஆனால் நடுவில் தெரு பிரிக்கும் கோடு இல்லை.

சமவெளியில் அப்படியா? 'சமூகத்திடம் ஒப்படைத்தோம்' என்று தொண்டு நிறுவனம் எழுதினால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தச் சமூகத்திடம்? ஊரிடமா, சேரியிடமா? தானியக் கிடங்கு எந்தத் தெருவில்? சாவி யாரிடம்?

இது கற்பனைப் பயம் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். உலகமெங்குமிருந்து உதவி குவிந்தது. பாதிக்கப்பட்டவர் யார் என்பதற்கு மீனவக் கிராமமும் படகும் அளவுகோல் ஆயின. மீனவ மக்களின் இழப்பு பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கரையில் மீன் சுமந்தவர், கருவாடு விற்றவர், உப்பளத்தில் வேலை செய்தவர், கடல்நீர் புகுந்து பாழான வயலில் கூலி வேலை செய்தவர் எல்லாம் யார்? அவர்களில் பெரும்பகுதி தலித்துகள், இருளர்கள். படகு இல்லாததால் அவர்களுக்கு 'இழப்பு' இல்லை என்றானது. பல இடங்களில் முகாமில் சேர்ந்து இருக்க விடவில்லை, தண்ணீர்த் தொட்டியைத் தொட விடவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2007இல் நெதர்லாந்து தலித் வலையமைப்பு வெளியிட்ட ஆய்வு இதற்குச் 'சாதிக் குருடு' என்று பெயர் வைத்தது. நிவாரணம் கொடுத்தவர்கள் சாதியைப் பார்க்க மறுத்ததால், நிவாரணமே சாதியை இன்னும் இறுக்கிக் கட்டியது என்பது அதன் சாரம்.

ஒரு வேலைக்கு மட்டும் நம்மை மறக்காமல் கூப்பிட்டார்கள். அழுகிய உடல்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். கையுறைகூட இல்லாமல் எடுத்தவர்கள் உண்டு. நிவாரண வரிசையில் கடைசி, பிண வரிசையில் முதல்.

ஜஹீராபாத்தின் பெண்கள்

அப்படியானால் சமவெளியில் தொம்பை சாத்தியமே இல்லையா? சாத்தியம் என்று காட்டியவர்கள் தலித் பெண்கள். தெலங்கானாவில், பழைய மேதக் மாவட்டத்து ஜஹீராபாத் பகுதியில், 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் கிராமச் சங்கங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். பி.வி. சதீஷ் போன்ற வெளியாட்கள் கூட நின்றார்கள். சங்கங்களை நடத்தியவர்கள் அந்தப் பெண்கள்.

நிலச் சீர்திருத்தத்தில் அங்கே தலித்துகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கல்லும் கரடுமான தரிசு. முதலீடு இல்லாமல் அது சும்மா கிடந்தது. 1990களின் நடுவில் சங்கப் பெண்கள் முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் அந்தத் தரிசை உழுது சோளம் போட்டார்கள். உழவுக்கு வாங்கிய கடனைப் பணமாகத் திருப்பித் தரவில்லை. சில ஆண்டுகளுக்குச் சோளமாகவே கிராமக் கிடங்கில் கட்டினார்கள். அந்தச் சோளம் அந்தந்தக் கிராமத்து ஏழைகளுக்கே மலிவு விலையில் போனது.

யார் ஏழை என்று தீர்மானித்தது எந்த அதிகாரியும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் தரையில் வரைபடம் போட்டு, வீடு வீடாக அடையாளம் வைத்து, எல்லோர் முன்னாலும் பேசி முடிவு செய்தார்கள். மிக வறிய வீட்டுக்கு அதிக அளவு, அதற்கடுத்த வீட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மழைக்கால வேலையில்லா மாதங்களில் தானியம் தேவைப்பட்ட மேல்சாதி ஏழையும் தலித் பெண் அளந்து போட்ட சோளத்தை வாங்க வேண்டி வந்தது. காலம்காலமாகப் படியளந்தவன் யார், வாங்கியவன் யார் என்பது ஒரு கிடங்கில் தலைகீழானது. 2019இல் இந்தப் பெண்கள் சங்கங்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிட அந்தப் படியளவுதான் பெரிதாகத் தெரிகிறது.

கொல்லிமலையையும் ஜஹீராபாத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவான விஷயம் ஒன்று தெரியும். இரண்டு இடத்திலும் மக்கள் கையில் கொஞ்சமாவது நிலம் இருந்தது. நிலம் இருந்ததால் தானியம் இருந்தது, தானியம் இருந்ததால் கிடங்கு இருந்தது. பஞ்சமி நில மீட்பை நாம் மானப் பிரச்சினையாக மட்டும் பேசிவருகிறோம். அது பேரிடர்த் தயார்நிலையின் முதல் படியும்கூட.

என்ன கேட்க வேண்டும்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்கிறது. சுனாமிக்கு மறு ஆண்டு வந்த சட்டம் இது. உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. அதற்குப் பிறகும் 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பூட்டுப் போடக் கிளம்பியதைப் பார்த்தோம். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கரண்டி யார் கையில் என்பதுதான் சோதனை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். புயல் என்றால் கடற்கரைக்கு மட்டும் என்ற காலம் போய்விட்டது. சரிவிலும் ஓடைக்கரையிலும் தாழ்வான புறம்போக்கிலும் குடிசை போட்டிருப்பவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை பெரிய மந்திரங்கள் இல்லை. மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் ஒவ்வொரு சேரியும் மலைக் குக்கிராமமும் பெயரோடு இருக்க வேண்டும், அந்தப் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். மழைக்கு முன்பே மூன்று மாதத் தானியம் அந்தந்த இடத்தில் இறங்க வேண்டும், கிடங்கு சேரியில் இருக்க வேண்டும், சாவி அங்குள்ள பெண்கள் குழுவிடம் இருக்க வேண்டும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதுபோல கொல்லிமலையில் மலை விவசாயியிடமே நல்ல விலைக்குச் சாமை வாங்கி, மலையின் ரேஷன் கடைகளிலேயே போட வேண்டும். இழப்புப் பட்டியலில் படகும் வீடும் மட்டுமன்றி, போன கூலி நாட்களும் ஏற வேண்டும். இதோடு காட்டு உரிமையும் பஞ்சமி நிலமும்.

நிவாரண லாரி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பசித்தவன் பேனரைப் பார்த்துத் திரும்பிப் போக முடியாது. ஆனால் அடுத்த முறை உங்கள் தெருவுக்கு அரிசி மூட்டையோடு யாராவது வந்தால், வாங்கிக்கொண்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: அடுத்த மழைக்கு முன்னால் இதைச் சேர்த்து வைக்க எங்கள் தெருவில் ஒரு கிடங்கு கட்டித் தருவீர்களா? பதில் எப்படி வருகிறது என்பதை வைத்தே வந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஜெய்பீம்.